கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழி: குரங்கணித் தீ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே உள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள், ஒத்தமரம் என்று ஊரார் அழைக்கும் பகுதியின் புல்சரிவில் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டனர். அவர்கள் இரண்டு குழுவினர். ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது. அதில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மற்றொரு குழு ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளைச் சேர்ந்தது. சிலர் அந்தச் சரிவிலேயே உயிரிழந்தனர். எஞ்சியவர்களில் பலர் தேனியிலும் மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைப் படுக்கைகளில் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை 23 ஆனது.

அன்று முதல் இந்த நிகழ்வைப் பற்றி இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. அந்த வழியில் செல்ல வனத்துறையின் அனுமதி இருந்ததா என்பது ஒன்று. தீயை வைத்தவர் யார் என்பது மற்றொன்று. இரண்டும் தேவையான கேள்விகள்தாம்; ஆனால் அவற்றுக்கான விடை விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. மலையில் நடப்பவர்களுக்கும், பிறரை மலைக்கு அழைத்துச் செல்பவர்களுக்கும் உரிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த வழியின் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்த முடிவு அவர்களைக் காப்பாற்றியிருக்கும்? மலையின் அமைப்பையும், புல்லின் தன்மையையும், சரிவில் தீ ஏறும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் வந்து சேர்ந்த விடை, அந்த இடம் தீ எரிந்த சரிவில் இல்லை என்பதுதான். முகட்டை விட்டுக் கீழே காலெடுத்து வைப்பதற்கு முன்பே, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்திலேயே அது இருந்தது. உச்சிவெயில் நேரத்தில் புல்லுக்குள் நின்றவர்களுக்கு நல்ல வழி என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

கொழுக்குமலை, தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லையாக ஓடும் மலைமுகட்டின் மீது, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டம் இருப்பது தமிழக மண்ணில்; ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லிக்குச் சென்று, அங்கிருந்து ஜீப்புகள் மட்டுமே ஏறக்கூடிய கரடுமுரடான பாதையில்தான் போக வேண்டும். அருகிலேயே 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலை நிற்கிறது. முகட்டின் மேற்குப் பக்கம் மூணாறு, தேவிகுளம் என்று தேயிலையும் சோலைக்காடுமாக மெதுவாகச் சரிய, கிழக்குப் பக்கமோ செங்குத்தாகக் கீழே விழுகிறது. அந்தச் சரிவின் அடிவாரத்தில்தான் குரங்கணி இருக்கிறது. அதையும் தாண்டிக் கொட்டகுடி ஆறு போடியை நோக்கி ஓடி, பின்னர் வைகையோடு சேர்கிறது.

இந்த மலையின் வழிகள் பொழுதுபோக்குக்காக உண்டானவை அல்ல. 1908 முதல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறிய ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போயின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையின் மேல் ஊர்களாக நிலைத்துவிட்டன. முதுவாக்குடியின் முதுவர் பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளர்களும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்பவர்களும் தலைமுறைகளாக நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள்தாம் இன்று மலையேற்ற வழிகள் என்று அறியப்படுகின்றன. இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வேலைக்காக நடந்தவர்கள் எந்த மாதத்தில் எந்தச் சரிவில் எந்த நேரத்தில் நடக்கலாம் என்பதையும் அந்தப் பாதையோடு சேர்த்தே அறிந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வருபவருக்குப் பாதை மட்டுமே வந்து சேர்கிறது. அதனோடு ஒட்டியிருந்த அறிவு வந்து சேர்வதில்லை.

முகட்டின் இரண்டு பக்கங்களும் இரண்டு வேறு நாடுகளைப் போன்றவை. தென்மேற்குப் பருவமழை மூணாற்றுப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, முகட்டைத் தாண்டும்போது வெறும் காற்றாகத்தான் போடிப் பக்கம் இறங்குகிறது. கிழக்குச் சரிவு மழைமறைவுப் பகுதி. அங்கே பெரும்பகுதி மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு வருகிறது. அந்த மழையில் சரிவு முழுவதும் புல் தழைத்து ஆளுயரம் வளர்கிறது. தை பிறந்ததும் மழை நின்று, பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, மாசி முடிவதற்குள் அடி முதல் நுனி வரை காய்ந்துவிடுகிறது. ஆக, கார்த்திகையில் எவ்வளவு நல்ல மழை பெய்ததோ அவ்வளவுக்கு மாசியில் எரிபொருள் மிகுதியாகக் கிடக்கும். நல்ல மழை ஆண்டு என்பது இந்தச் சரிவைப் பொறுத்தவரை ஆறுதல் தரும் செய்தி அல்ல.

நமது மரபில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பெயரில் பனி இருப்பதும், விடியற்காலையில் முகட்டில் மெய்யாகவே பனி இறங்குவதும் ஏமாற்றக்கூடியவை. கொழுக்குமலையில் இரவு தங்குபவர் விடியலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கால்களுக்குக் கீழே மேகக்கடல் படர்ந்திருக்க, அதன் மீது சூரியன் எழுவதைப் பார்க்கிறார். சுற்றிலும் பச்சைத் தேயிலை, கையில் சூடான தேநீர். காட்டுத்தீ என்ற சொல்லே அந்த நேரத்தில் மனதில் எழாது. அங்கிருந்து இரண்டு மணி நேரம் இறங்கினால், முற்றிலும் வேறொரு காலநிலைக்குள், வெயிலில் முறுகிய புல்லுக்குள், அவர் வந்து சேர்ந்துவிடுகிறார். வடநாட்டு மலைகளிலும் மேலைநாடுகளிலும் வசந்தத்தின் தொடக்கத்தில் முகட்டு நடை செல்பவர்கள் உருகும் பனிக்கட்டியையும் பனிச்சரிவையும் எண்ணி அஞ்சுவார்கள். அதற்கான ஆயத்தத்தோடு செல்வார்கள். தென்னகத்து மலைகளில் அதே மாதங்களின் ஆபத்து தீ. ஆனால் மழை இல்லை, அட்டை இல்லை, வானம் தெளிவு, தேர்வுகளுக்கு முன்னும் பின்னும் வார இறுதிகள் வாய்க்கின்றன என்பதால், தை முதல் பங்குனி வரையிலான நாட்களே மலையேற்றத்துக்கு உகந்தவை என்று பலரும் முடிவு செய்துவைத்திருந்தார்கள். அட்டை இல்லாத காடு என்றால் ஈரமில்லாத காடு என்றே பொருள்.

அந்தச் சரிவில் இருப்பது பெரும்பாலும் போதைப்புல்லும் சுக்குநாறிப்புல்லும். சுக்குநாறியின் தாளில் மணமுள்ள எண்ணெய் இருக்கிறது. கையில் கசக்கினாலே தெரியும். ஆனால் எண்ணெயைக் காட்டிலும் முக்கியமானது புல்லின் மெல்லிய உருவம். விறகுக்கட்டை ஈரத்தை இழக்க நாள்கணக்கில் ஆகும். காய்ந்த புல்தாளோ காற்றின் ஈரப்பதம் குறைந்த ஒரு மணி நேரத்துக்குள் தானும் அந்த அளவுக்கு வறண்டுவிடும். காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்து தீக்குச்சியையே அணைத்துவிடும் புல், அதே நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரே பொறியில் பற்றி ஓடும். அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. வெயிலில் சூடேறிய சரிவின் மீது காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசுவதும் பகலில்தான். எரிபொருளும், சரிவும், காற்றும் ஒரே திசையில் கைகோத்துக்கொள்ளும் நேரம் அது.

சரிவு தீயை என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். தீயியலில் நெடுங்காலமாகக் கையாளப்படும் ஒரு விதியின்படி, ஏறுசரிவில் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சமதளத்தில் ஓடுவதைப் போல 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கு, 30 பாகையில் எட்டு மடங்கு. சுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து, தனக்கு முன்னால் உள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே சூடாக்கி உலர்த்திவிடுவதால் இப்படி நேர்கிறது. இதற்கு எதிரே மனிதனின் வேகத்தை வைத்துப் பாருங்கள். மலைநடைக்காரர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்திவரும் நெய்ஸ்மித் கணக்கின்படி, ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பார். 600 மீட்டர் உயரம் ஏறுவதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். 30 பாகைச் சரிவில் நேராக ஏறினால், இந்தக் கணக்கு மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வந்து நிற்கிறது. அச்சத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடினாலும், முதுகில் பையோடு, ஆளுயரப் புல்லுக்குள், சில நிமிடங்களுக்கு மேல் அந்த வேகம் நிற்காது. இளங்காற்றில் சமதளத்திலேயே மணிக்குச் சில கிலோமீட்டர் ஓடக்கூடிய புல்தீயை, அதன் எட்டு மடங்கு வேகத்தில் ஏறும் சரிவில், ஓடித் தப்பிக்க யாராலும் இயலாது. அங்கே இருந்தவர்களின் உடல்வலிமையோ பயிற்சியோ இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றியிருக்காது.

அன்று பிற்பகல் அந்தச் சரிவில் இதுதான் நடந்தது. புகையும் அனலும் சூழ்ந்ததும் குழு சிதறியது. பாறைகளின் பக்கம் ஒதுங்கியவர்கள் உண்டு. வந்த வழியே மேலே ஏற முயன்றவர்கள் உண்டு. எரியாத பக்கம் என்று தோன்றிய பள்ளத்துக்குள் இறங்கியவர்களும் குதித்தவர்களும் உண்டு. பின்னர் உடல்கள் எடுக்கப்பட்டது அந்தப் பள்ளத்திலிருந்து. மலையின் மடிப்பாக, இருபுறமும் உயர்ந்து நடுவில் ஒடுங்கும் பள்ளம், தீ வரும்போது புகைபோக்கியாகிவிடும். காற்று அதற்குள் இழுக்கப்பட்டு மேலே பாயும். சூடு இரண்டு சுவர்களிலிருந்தும் எதிரொளிக்கும். இதைத் தீயணைப்புப் பயிற்சி பெற்றவர் அறிவார். சென்னையிலிருந்து வார இறுதிக்கு வந்த ஓர் இளம்பெண் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே அல்ல. பள்ளம் என்றால் மறைவிடம் என்று எண்ணுவதே மனித இயல்பு.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், 1949 ஆகஸ்ட் 5ஆம் நாள், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் நடந்ததை இங்கே எண்ணிப் பார்ப்பது பயன் தரும். அங்கே சிக்கியவர்கள் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள். காட்டுத்தீயை அணைப்பதற்காகவே வானிலிருந்து குதித்து இறங்கிய இளைஞர்கள். தீ அவர்களுக்குக் கீழே வந்துவிட்டதைக் கண்டு, காய்ந்த புல் மூடிய செங்குத்தான சரிவில் மேல்நோக்கி ஓடினார்கள். 13 பேர் இறந்தனர். குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து முடித்த சாம்பலில் முகம் புதைத்துப் படுத்துக்கொண்டு பிழைத்தார். மற்றவர்களையும் அதற்குள் வருமாறு அழைத்தார், ஒருவரும் வரவில்லை. மேலும் இருவர் முகட்டுப் பாறையின் ஒரு விரிசலைக் கடந்து உயிர் தப்பினர். எரிந்த நிலம் மறுபடி எரியாது, புல்தீயின் சுவாலை ஓர் இடத்தில் சில விநாடிகளுக்கு மேல் நிற்பதில்லை என்ற இரண்டு உண்மைகளின் மீது டாட்ஜ் தன் உயிரை வைத்தார்.

நம் காடுகளில் இது புதிய செய்தி அல்ல. எதிர்த்தீ வைத்துக் காட்டுத்தீயைத் தடுப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் வனப்பணியாளர்களுக்கும் பழங்குடியினருக்கும் பழகிய முறை. ஆனால் அதைச் செய்ய அனுபவமும், காற்றின் திசையைப் பற்றிய தெளிவும், உடன் இருப்பவர்கள் சொன்னதைக் கேட்பார்கள் என்ற உறுதியும் வேண்டும். டாட்ஜின் சொல்லைப் பயிற்சி பெற்ற வீரர்களே கேட்கவில்லை என்றால், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த முப்பது பேரிடம் அது எடுபட்டிருக்கும் என்று எண்ண முடியவில்லை. எனவே, ‘அவர்கள் ஓடாமல் பாறை மீது உட்கார்ந்திருக்கலாமே, எரிந்த பக்கம் போயிருக்கலாமே’ என்று பின்னர் பலர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. பாறைத்திட்டும் எரிந்து முடிந்த நிலமும் உயிர் காக்கும் இடங்கள் என்பது உண்மை. ஆயினும் பாதுகாப்பான திறந்தவெளி என்பதற்குச் சுவாலையின் உயரத்தைப் போல் நான்கு மடங்கு தொலைவாவது வேண்டும். மூன்று மீட்டர் சுவாலைக்குப் பன்னிரண்டு மீட்டர். அதுவும் சமதளத்துக்குச் சொன்ன அளவு. மேல்நோக்கிய சரிவில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். புல் மண்டிய அந்தச் சரிவில், புகைக்கு நடுவே, அத்தனை பேருக்கும் போதுமான அப்படியோர் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது குருட்டு வாய்ப்பாகவே இருந்திருக்கும்.

ஆகவே நான் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்துக்கே திரும்பி வருகிறேன். அந்த இடத்தில் நிற்கும்வரை ஒரு குழுவுக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. கீழே இறங்காமல் ஜீப் பாதையில் சூரியநெல்லிக்குப் போய்விடலாம். வெயில் ஏறுவதற்கு முன்பே, பனி ஈரம் புல்லில் இருக்கும்போதே இறங்கத் தொடங்கி, காய்ந்த சரிவை முற்பகலிலேயே கடந்துவிடலாம். புகை எங்கேனும் தெரிகிறதா என்று சரிவு முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். புல்லுக்குள் இறங்கிவிட்டால் ஆளுயரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. முக்கியமாக, கீழே உள்ள வனத்துறை அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டு அறியலாம். அந்த வாரங்களில் தேனி மாவட்ட மலைகளில் ஆங்காங்கே தீ எரிந்துகொண்டிருந்தது. போடியிலிருந்து பார்த்தாலே இரவில் மலையில் தீக்கோடுகள் தெரியும் காலம் அது. எந்தத் தீயும் கண்ணுக்குத் தெரியாத நாளிலும், மாசிப் பிற்பகலில் அந்தச் சரிவு தீப்பெட்டிக்கு நிகரானது என்பதே முடிவெடுப்பதற்குப் போதுமான செய்தி. இறங்கத் தொடங்கும்போது எரியாத சரிவு, பாதி வழியில் இருக்கும்போது எரியத் தொடங்கலாம் என்பதுதான் இந்த நிகழ்வு காட்டும் கொடிய உண்மை.

செயற்கைக்கோள் எச்சரிக்கைகளை நம்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இந்திய வன அளவை நிறுவனம் காட்டுத்தீயைக் கண்டறிந்து வனத்துறைக்குத் தெரிவிக்கும் முறையை 2004 முதலே நடத்திவருகிறது. 375 மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும் விர்ஸ் என்ற கருவியின் தரவும் அதில் பயன்படுகிறது. ஆனால் அந்தக் கருவியைச் சுமக்கும் ஒரு செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது ஒரு நாளில் இருமுறை, பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும்தான். இரண்டு மணிக்குப் பற்றிய தீயை அது நள்ளிரவுக்குப் பிறகே காணும். வேறு செயற்கைக்கோள்களையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி குறையும் என்பது உண்மை. ஆனால் புல்சரிவில் தீ எடுத்துக்கொள்ளும் நேரம் நிமிடக்கணக்கு. இந்த எச்சரிக்கைகள் காட்டைக் காக்க உதவும். முந்தைய நாட்களில் எங்கே எரிந்தது என்று ஒரு குழுத்தலைவருக்குச் சொல்லவும் உதவும். சரிவில் நிற்பவருக்கு அவற்றால் பயனில்லை. அந்த வேலையை முகட்டில் நின்று பார்க்கும் ஒரு மனிதர்தான் செய்ய முடியும்.

மீட்புப் பணியைப் பற்றிச் சொல்லும்போது, முதலில் ஓடிவந்தவர்கள் குரங்கணியையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஊர்மக்களும் மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான். தீ இன்னும் முழுதும் அணையாத சரிவில், இருட்டில், போர்வைகளில் கட்டித் தூக்கிக் காயமடைந்தவர்களைக் கீழே கொண்டுவந்தார்கள். வனத்துறையினரும் காவல்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் அதன் சிறப்புப் பிரிவான கருடப் படை வீரர்களும் வரவழைக்கப்பட்டனர்; ஆனால் அந்த நிலத்தில் இரவில் ஹெலிகாப்டரால் ஆகக்கூடியது மிகக் குறைவு. எனவே மேலே இருந்தவர்கள் விடியும்வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்தக் காத்திருப்பின் பொருளைத் தீக்காய மருத்துவம் அறிந்தவர்கள் மட்டுமே முழுதாக உணர்வார்கள். உடலில் பெரும்பகுதி வெந்துவிட்டால், இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களுக்குள் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யாவிட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து சிறுநீரகம் செயலிழக்கிறது. இதற்காக மருத்துவர்கள் கையாளும் பார்க்லாண்ட் கணக்கின்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் நான்கு மில்லிலிட்டர் திரவத்தை முதல் 24 மணி நேரத்தில் நாளத்தின் வழியே செலுத்த வேண்டும். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்திலேயே செலுத்த வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 60 விழுக்காடு தீக்காயம் என்றால் மொத்தம் 12 லிட்டர். முதல் எட்டு மணி நேரத்துக்குள் 6 லிட்டர். அந்த எட்டு மணி நேரம் எண்ணப்படுவது மருத்துவமனையில் சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல, தீ சுட்ட நேரத்திலிருந்து. பிற்பகலில் வெந்தவருக்கு அந்தக் கெடு நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தோல் என்ற அரண் போன பிறகு கிருமித்தொற்று வருகிறது. சூடான புகையை உள்ளிழுத்த நுரையீரல் வீங்குகிறது. தீயிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் பத்து நாள், இருபது நாள் கழித்து இறந்ததன் காரணம் இதுவே. அவர்களைக் கவனித்த மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் குறையேதும் காண்பது பொருந்தாது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். மலையேற்றத்துக்கென்று விற்கப்படும் சட்டைகளும் கால்சட்டைகளும் பெரும்பாலும் பாலியஸ்டர், நைலான் இழைகளால் ஆனவை. வியர்வை உலரும், எடை குறைவு என்ற நன்மைகள் மெய்தான். தீயின் அனலில் அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரியும், ஆனால் உருகி ஒட்டாது. கம்பளி எளிதில் பற்றவே பற்றாது. கோடையை ஒட்டிய மாதங்களில் புல்காட்டு வழியில் நடக்கும் எவருக்கும் முழுக்கைப் பருத்தி உடை வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். ஆயினும் இது இரண்டாம் நிலைச் செய்தி. முடிவு தவறான இடத்தில் எடுக்கப்பட்ட பிறகு உடை காப்பாற்றக்கூடியது சிறிதே.

நிகழ்வுக்குப் பின், மலையேறுவதற்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று தமிழக அரசு அறிவித்தது, வனத்துறையில் பணியிடை நீக்கம் நடந்தது, வழக்குகள் பதிவாயின, வருவாய்த்துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்து அறிக்கை அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் வனப்பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழகம் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில், வனத்துறையே உள்ளூர் வழிகாட்டிகளைக் கொண்டு 40 வழிகளில் மலையேற்றம் நடத்தும் திட்டம் தொடங்கியது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் வழியும் அதில் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று அந்த வழிகள் மூடப்பட்டன.

இந்த மூடல்தான் நடந்தவற்றுள் மிகச் சரியான செயல் என்று கருதுகிறேன். தனிமனிதரின் துணிவுக்கோ கணிப்புக்கோ விட்டுவைக்காமல், நாட்காட்டியின் மீதே முடிவை ஏற்றிவைக்கிறது அது. மார்ச் 11ஆம் நாள் அந்தக் கெடுவுக்குள் வருகிறது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. எனினும், மூடிய வழிகளுக்கு வெளியே மலை நிறைய இருக்கிறது. கொழுக்குமலையை ஒட்டிய முகட்டில், எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் ஒரு மாநிலத்தின் விதி, மறுபக்கம் இன்னொன்று. நடுவில் தனியார் தோட்டம். கேரளப் பக்கத்திலிருந்து ஜீப்பில் ஏறி விடியலைப் பார்க்க வந்த ஒருவருக்கு, அங்கிருந்து கீழே தெரியும் ஒற்றையடிப் பாதை எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது என்பது தெரியாது. இறங்கிப் போனால் மாலைக்குள் போடியில் பேருந்து பிடித்துவிடலாம் என்ற எண்ணம் எழுவதும் இயல்பே. அடிவாரத்தில் இருக்கும் சோதனைச்சாவடி மேலிருந்து இறங்குபவரைத் தடுக்காது. அவர் அங்கே வந்து சேரும்போது சரிவைக் கடந்து முடித்திருப்பார்.

வழிகாட்டிகளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவருக்கு அந்தப் புல்லும் காற்றும் தெரியும். ஆனால் ஊரிலிருந்து பணம் கட்டி, விடுப்பு எடுத்து, இரவுப் பேருந்தில் வந்த முப்பது பேரிடம் ‘இன்று இறங்க வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா? அப்படிச் சொன்னால் அவருடைய அன்றைய கூலி கிடைக்குமா? திரும்பிப் போகும் குழுவுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதும், திருப்பி அனுப்பிய வழிகாட்டிக்கு முழுக்கூலி கொடுப்பதும் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், அறிந்தவர் வாய் திறக்கமாட்டார், அறியாதவர் முடிவெடுப்பார்.

அந்தச் சரிவில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதும், தீத்தடுப்புக் காவலர்களைத் தை மாதத்திலேயே பணியில் அமர்த்துவதும் வனத்துறை ஆண்டுதோறும் செய்யும் வேலைகள். அவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்குமாறு கேட்பேன். தேயிலைச் செடிகளின் கடைசி வரிசை முடிந்து புல் தொடங்கும் இடத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து கோடைமழை இறங்கும் வரை, விடியலிலிருந்து மாலை வரை, கையில் வயர்லெஸ் கருவியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுவாக்குடியிலிருந்தோ குரங்கணியிலிருந்தோ அந்தச் சரிவை அறிந்த ஒருவரை அதற்கு அமர்த்தலாம். கீழே இறங்க வருபவரை ஜீப் பாதைக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமே அவருடைய வேலை.